சுரங்க இயந்திரங்களையும் தொழிலாளர்களையும் படமெடுத்தல்: தொடக்கநிலையினருக்கு ஓர் அறிமுகம்

தொழிற்துறைப் புகைப்படக்கலை என்பது பொருள்கள் உற்பத்தியாகும் இடங்களையும், அங்கே இயங்கும் இயந்திரங்களையும், அவற்றை இயக்கும் மனிதர்களையும் படமெடுக்கும் துறையாகும். உருக்காலை, மின்நிலையம், துறைமுகம், கல்குவாரி என்று இதன் களங்கள் பல. அவற்றுள் சுரங்கத்தை இக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இத்துறையின் சிக்கல்கள் பெரும்பாலும் அங்கே ஒருசேர இருப்பதுதான். ஒளி போதாமல் இருக்கும், இல்லையேல் மிகையாக இருக்கும், தூசு அடங்காது, படமெடுக்க வேண்டிய பொருள் கண்ணுக்கு அடங்காத அளவில் பெரியதாக இருக்கும், வேலையோ நமக்காக நிற்பதில்லை. சுரங்கத்தில் ஒழுங்காகப் படமெடுக்கக் கற்றவர் மற்றத் தொழிற்கூடங்களில் அதிகம் தடுமாறமாட்டார்.

நிறுவனங்களின் ஆண்டறிக்கை, இயந்திரம் விற்பவர்களின் கையேடு, பாதுகாப்புப் பயிற்சிக்கான ஏடுகள், செய்தி இதழ்கள், ஆவணக் காப்பகங்கள் எனப் பல இடங்களில் இப்படங்கள் பயன்படுகின்றன. பயன் எதுவாயினும், நல்ல தொழிற்துறைப் படத்துக்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான். அந்த வேலையைப் பற்றி ஒன்றுமே அறியாதவர் பார்த்தால், அங்கே என்ன நடக்கிறது என்பது அவருக்கு விளங்க வேண்டும். அந்த வேலையையே அன்றாடம் செய்பவர் பார்த்தால், அதில் பிழை என்று சுட்டிக்காட்ட எதுவும் இருக்கக் கூடாது. முதல் பாதியைக் கேமராத் திறமையால் அடைந்துவிடலாம். இரண்டாம் பாதி அவ்வளவு எளிதன்று. அதற்கு வேலையைக் கூர்ந்து பார்க்கவும், வேலை செய்பவரிடம் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். கீழே சொல்லப்படும் நுட்பங்கள் எல்லாம் இந்த இரண்டு பார்வையாளர்களையும் மனத்தில் வைத்தே சொல்லப்படுகின்றன.

கேமராவை எடுப்பதற்கு முன்

சுரங்கத்தில் படமெடுப்பவர் விருந்தினர். அங்குள்ள ஆபத்துகள் அவருக்குப் பழக்கமில்லாதவை. பெரிய டம்பர் லாரியின் ஓட்டுநர் தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். லாரியின் முன்புறத்திலும் வலப்புறத்திலும் இடப்புறத்திலும் அவரால் பார்க்கவே முடியாத பரந்த பகுதிகள் உண்டு. அங்கே ஒரு மனிதர் மட்டுமல்ல, ஒரு சிறிய வாகனமே நின்றாலும் அவருக்குத் தெரியாது. எனவே வானொலிக் கருவி வழியாக ஓட்டுநரிடம் சொல்லி, அவர் பதில் தந்து வண்டியை நிறுத்திய பிறகே அருகில் செல்ல வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள சுரங்கங்களின் விதி. படமெடுப்பவர் அதற்கு மேலும் ஒரு விதியைத் தனக்கென்று வைத்துக்கொள்வது நல்லது. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒரு அடிகூட நகரக் கூடாது. கேமராவின் வழியே பார்ப்பவருக்குப் பக்கவாட்டுப் பார்வை இல்லாமல் போகிறது. பின்னால் இருக்கும் விளிம்போ, ஓடும் கன்வேயர் பெல்ட்டோ அவர் கவனத்துக்கு வருவதே இல்லை. கழுத்தில் தொங்கும் கேமரா வாரும் சுழலும் உருளைகளில் சிக்கக்கூடிய பொருள் என்பதால், அத்தகைய இடங்களில் வாரைக் கழற்றிவிடுவதே முறை.

நிலக்கரிச் சுரங்கத்தின் உட்பகுதியில் வேறொரு ஆபத்து இருக்கிறது. காற்றில் மீத்தேன் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால், ஒரு சிறு பொறியே அதை வெடிக்கச் செய்யப் போதுமானது. ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1815-இல் பாதுகாப்பு விளக்கை உருவாக்கியது இந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான். இன்றைய கேமராவும் ஃபிளாஷும் பேட்டரியில் இயங்கும் மின்கருவிகள் என்பதால், வெடிவாயு இருக்கக்கூடிய பகுதிகளில் அவற்றைச் சாதாரணமாக எடுத்துச் செல்ல அனுமதிப்பதில்லை. அத்தகைய இடங்களுக்குத் தகுந்தது எனச் சான்று பெற்ற கருவியைக் கொண்டோ, வாயுவின் அளவை ஒருவர் உடனிருந்து தொடர்ந்து அளக்கும் ஏற்பாட்டோடோ மட்டுமே படமெடுக்க முடியும். எது செல்லும், எது செல்லாது என்பதை முடிவு செய்பவர் சுரங்கத்தின் பாதுகாப்பு அதிகாரி. அவரோடு வாதாடுவதற்கு இதில் இடமே இல்லை.

பாறையை உடைக்க வெடி வைக்கும் இடங்களிலும் இதே கவனம் தேவை. வெடிமருந்தை வெடிக்கத் தூண்டும் சிறு கருவிகளான டெட்டனேட்டர்களில், மின்சாரத்தால் இயங்கும் சில வகைகள் அருகிலிருந்து வரும் வானொலி அலைகளாலும் பாதிக்கப்படக்கூடியவை. கைபேசி, டிரோனின் கட்டுப்பாட்டுக் கருவி, ஃபிளாஷைத் தொலைவிலிருந்து இயக்கும் சிறிய டிரிக்கர் ஆகிய எல்லாமே வானொலி அலைகளை அனுப்புபவைதாம். டிரிக்கரை இப்படியொரு பொருளாக நினைக்கும் பழக்கம் ஸ்டூடியோவில் வேலை செய்து பழகிய நமக்கு இருப்பதில்லை என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பையில் இருக்கும் கருவிகள் அத்தனையையும் ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே அதிகாரியிடம் கொடுத்துவிட்டால் குழப்பம் வராது.

பெரியதைப் பெரியதாகக் காட்டுவது

சுரங்க இயந்திரத்தைப் படமெடுக்கும் தொடக்கநிலையாளர் எதிர்கொள்ளும் முதல் ஏமாற்றம், நேரில் மலைக்க வைத்த இயந்திரம் படத்தில் விளையாட்டுப் பொம்மையாகத் தெரிவது. கேட்டர்பில்லர் நிறுவனத்தின் 797எஃப் டம்பர் லாரி ஏறத்தாழ 363 டன் சுமையைத் தாங்கக்கூடியது. அதன் ஒரு டயர் மட்டும் ஏறத்தாழ 4 மீட்டர் உயரம். சராசரி உயரமுள்ள மனிதர் அருகில் நின்றால் அவர் தலை சக்கரத்தின் மையத்தைக்கூட எட்டாது. ஆனால் இந்த அளவு எதுவும் படத்தில் தானாக வந்துவிடுவதில்லை. சாதாரண லாரிக்கும் அதே வடிவம், அதே நான்கு மூலைகள், அதே கண்ணாடி இருப்பதால், ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாத படத்தில் கண் அதைச் சாதாரண லாரியாகவே எடுத்துக்கொள்கிறது.

எனவே ஒரு மனிதரை அருகில் நிறுத்துகிறோம். எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. படத்தில் ஒரு பொருளின் அளவு, அது கேமராவிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 24 மி.மீ. அகலக் கோண லென்ஸுடன், தொழிலாளரைக் கேமராவிலிருந்து 3 மீட்டர் தொலைவிலும், அவருக்குப் பின்னால் லாரியைக் கேமராவிலிருந்து 15 மீட்டர் தொலைவிலும் வைத்து எடுத்தால், லாரி அவரோடு ஒப்பிடுகையில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. 7 மீட்டர் உயர இயந்திரம் ஏறத்தாழ அவருடைய தோளளவே இருப்பதாகத் தெரியும். அதே இருவரையும் 50 மீட்டர் தள்ளி நின்று, 135 அல்லது 200 மி.மீ. லென்ஸால், தொழிலாளரை லாரியின் சக்கரத்தை ஒட்டி நிறுத்தி எடுத்தால், இருவருக்கும் இடையே உள்ள ஓரிரு மீட்டர் வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இருக்காது. அப்போதுதான் உண்மையான விகிதம் படத்தில் வரும். தள்ளிப் போய் நீண்ட லென்ஸைப் பயன்படுத்து என்பது, பெரிய பொருளைப் படமெடுக்கும்போது உள்ளுணர்வுக்கு எதிரானதாகத் தோன்றினாலும், சரியான அறிவுரை.

அகலக் கோண லென்ஸுக்கு இங்கே வேலையே இல்லை என்று பொருளல்ல. தரையோடு தரையாகப் படுத்து, இயந்திரத்தின் முனையிலிருந்து மேல்நோக்கி எடுத்தால் அது வானளாவி நிற்பதாகத் தோன்றும்; விளம்பரப் படங்கள் பலவும் இப்படி எடுக்கப்பட்டவையே. வலிமையைச் சொல்ல அது உதவும். ஆனால் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதை அப்படம் சொல்லாது. செங்குத்துக் கோடுகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து, பாகங்களின் உண்மையான அளவு சிதைந்துபோகும். கட்டமைப்பைத் தெளிவாகக் காட்ட வேண்டுமானால், இயந்திரத்தின் பாதி உயரத்துக்குச் சமமான மேட்டில் ஏறி, கேமராவைச் சாயாமல் மட்டமாக வைத்து எடுக்க வேண்டும். திறந்தவெளிச் சுரங்கங்களில் படிப்படியாக வெட்டப்பட்ட அடுக்குகள் இருப்பதால், அனுமதிக்கப்பட்ட மேல் அடுக்கொன்றில் இதற்கான இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இந்த முறையை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் தம்பதி. 1959-இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள், சுரங்கங்களின் சுழல்சக்கரக் கோபுரங்களையும் ஊதுலைகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் ஒரே ஒழுங்கில் அவர்கள் படமெடுத்தார்கள். நேர்முகமான பார்வை, சற்றே உயர்ந்த இடம், நிழல் விழாத மேகமூட்டமான வானம், பெரிய அளவு ஃபிலிம், படத்தில் மனிதர்கள் இல்லை. ஒரே வகைக் கட்டமைப்பின் படங்கள் பலவற்றை வரிசையாக அடுக்கி வைக்கும்போது, எது பொதுவானது, எது ஒவ்வொன்றுக்கும் தனியானது என்பது பார்ப்பவருக்குத் தானாகவே விளங்கியது. 1990-இல் வெனிஸ் பியன்னாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் இப்படங்களுக்குச் சிற்பக்கலைக்கான தங்கச் சிங்க விருது கிடைத்தது. மந்தமான வானத்தைக் கண்டு மனம் தளரும் தொடக்கநிலையாளர், அந்த வானத்துக்காகவே காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

நிலப்பரப்பைக் காட்டத் தேவைப்படுவது இதற்கு நேர்மாறான ஒளி. காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயிலில்தான் வெட்டப்பட்ட அடுக்குகளின் விளிம்புகள் நிழலோடு எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் சுரங்கம் தட்டையான மண் பரப்பாகிவிடும். சூரியன் மறைந்த பிறகு சிறிது நேரம், வானத்தின் ஒளியும் இயந்திரத்தின் விளக்குகளும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். இரவிலும் வேலை நடக்கும் சுரங்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுவே. முக்காலியை முன்கூட்டியே நிறுத்திக் கோணத்தைத் தீர்மானித்து வைத்திருப்பவருக்கே அந்த நேரம் பயன்படும்.

இயந்திரத்தை முழுதாக மட்டுமே எடுப்பதும் ஒரு குறை. எக்ஸ்கவேட்டர் ஒன்றின் பக்கெட்டுக்கு அருகில் போய்ப் பாருங்கள். உடல் முழுவதும் மண்ணும் கிரீஸும் அப்பியிருக்க, பாறையைக் கடிக்கும் பற்கள் மட்டும் தேய்ந்து தேய்ந்து வெள்ளி போல் பளபளக்கும். ஹைட்ராலிக் சிலிண்டரிலிருந்து வெளியே வரும் தண்டும் அப்படித்தான் துடைத்து வைத்தது போலிருக்கும். எந்தப் பாகம் உழைக்கிறது, எங்கே உராய்கிறது என்பதை இந்தப் பளபளப்பே சொல்லிவிடுகிறது. இயந்திரத்தைக் கழுவி வண்ணம் பூசி எடுக்கும் விற்பனைப் படங்களில் முதலில் காணாமல் போவது இதுதான். அவற்றிலும் பக்கெட்டின் பற்களுக்கு மட்டும் வண்ணம் பூசாமல் விடச் சொல்வது வழக்கமாக வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

கருப்பு, தூசு, இருட்டு

கேமராவின் ஒளிமானி, தனக்கு முன்னால் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறப் பரப்பு என்று எண்ணிக்கொண்டே கணக்கிடுகிறது. நிலக்கரிச் சுவரோ அந்தச் சாம்பல் நிறத்தைவிட மிகக் குறைந்த ஒளியையே திருப்பி அனுப்புகிறது. எனவே கேமராவைத் தானாக முடிவெடுக்க விட்டால், அது கருமையைக் குறைபாடாகக் கருதி ஒளியைக் கூட்டிவிடும்; நிலக்கரி சாம்பலாகும், தொழிலாளரின் முகமும் வெள்ளை ஹெல்மெட்டும் வெளிறிப்போகும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் ஒளியின் அளவை, ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை குறைத்தால் (ஒரு ஸ்டாப் குறைப்பது ஒளியைப் பாதியாக்குவது) கருப்பு கருப்பாகவே நிற்கும். சுண்ணாம்புக்கல், உப்பு ஆகியவற்றின் சுரங்கங்களில் இதே காரணத்தால் கூட்ட வேண்டியிருக்கும். தன் சுரங்கத்துக் கனிமத்தின் நிறத்தை அங்கே வேலை செய்பவர் நன்கு அறிவார் என்பதால், அதைத் தவறாகக் காட்டும் படம் அவரிடம் முதல் பார்வையிலேயே மதிப்பிழந்துவிடும்.

ஃபிளாஷைக் கேமராவின் தலையில் பொருத்தி எடுப்பது சுரங்கத்தில் இரண்டு வகையில் தோற்கிறது. காற்றில் மிதக்கும் தூசு லென்ஸுக்கு மிக அருகிலேயே ஒளியை வாங்கித் திருப்பி அனுப்புவதால், படம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகளாக நிறைந்துவிடும். அடுத்தது, தொழிலாளர்களின் சட்டையில் தைக்கப்பட்டிருக்கும் ஒளிரும் பட்டைகள். அவற்றில் பொதிந்துள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள், ஒளி எங்கிருந்து வந்ததோ அதே திசைக்கு அதைத் திருப்பும்படி அமைக்கப்பட்டவை. வாகன ஓட்டுநரின் கண்ணுக்கு அவர் விளக்கின் ஒளி திரும்பி வர வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். லென்ஸுக்கு அருகிலிருந்து ஃபிளாஷ் அடித்தால் அந்த ஒளி முழுவதும் நேராக லென்ஸுக்கே வந்து, பட்டைகள் வெறும் வெள்ளைக் கோடுகளாக எரிந்துபோகும், முகம் இருண்டுவிடும். ஃபிளாஷைக் கேமராவிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் பக்கவாட்டில் தள்ளி வைத்தால் இரண்டு சிக்கல்களும் பெருமளவு தீர்ந்துவிடுகின்றன. பட்டைகள் துணியைப் போலத் தெரியும். தூசும் ஒளிக்கற்றையாக அழகாகவே வரும்.

நிலத்தடிச் சுரங்கத்தில் ஒளியே இல்லாதபோது அதை நாமே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. இதில் முன்னோடி டிமத்தி ஓசல்லிவன். 1867-68-இல் அமெரிக்காவின் நெவாடாவில், வர்ஜீனியா சிட்டியின் வெள்ளிச் சுரங்கங்களுக்குள் கண்ணாடித் தகடுகளைக் கொண்டுசென்று, மெக்னீசியத்தை எரித்து அதன் வெளிச்சத்தில் அவர் படமெடுத்தார். இன்று நமக்கு அவ்வளவு சிரமம் இல்லை. கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை 20 அல்லது 30 நொடி திறந்து வைத்து, கையில் விளக்கோடு சுரங்கப் பாதையின் ஓரமாக நடந்தபடியே பாறைச் சுவர்களின் மேல் ஒளியைப் பரப்பலாம். விளக்கு லென்ஸைப் பார்க்காதவரையிலும், நாம் ஓரிடத்தில் நிற்காதவரையிலும், நம் உருவம் படத்தில் பதியாது. படத்தில் ஒரு தொழிலாளரும் இருக்க வேண்டுமானால், முதலில் அவர்மீது ஒரு முறை ஃபிளாஷ் அடித்து அவரைக் கூர்மையாகப் பதித்துக்கொண்டு, பிறகு சுவர்களுக்கு விளக்கொளியைப் பூசுவது வழக்கம். ஒரே ஃபிளாஷால் நீண்ட சுரங்கப் பாதை முழுவதையும் ஒளியூட்ட முயல்வது வீண். தொலைவு இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதால், முன்னால் இருப்பது எரிந்துபோகும், பின்னால் இருப்பது இருளில் மறையும்.

கனிமத்தைப் பிரித்தெடுக்கும் ஆலைகளிலும் உருக்காலைகளிலும் சிக்கல் வேறு வகையானது. மின்விளக்குகள் பலவும் மின்னோட்டத்தின் அலைவெண்ணுக்கேற்பத் துடிக்கின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் நொடிக்கு 100 முறை. எனவே ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் படத்தில் பட்டை பட்டையான இருட்டு விழாது. 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60 பொருந்தும். மஞ்சள் சோடியம் விளக்கும் நீலம் கலந்த எல்இடி விளக்கும் ஒரே கூடத்தில் இருந்தால் ஒயிட் பேலன்ஸ், அதாவது ஒளியின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு, எந்த ஒன்றுக்கும் முழுதாகப் பொருந்தாது. அப்போது முகத்தில் விழும் ஒளிக்கு நிறத்தைச் சரிசெய்துவிட்டுப் பின்னணியை அதன் போக்கில் விடுவதே நல்லது.

1927-28 குளிர்காலத்தில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் மார்கரெட் போர்க்-ஒயிட் அந்நாட்டின் கிளீவ்லாந்து நகரிலுள்ள ஓடிஸ் உருக்காலையில் சந்தித்த சிக்கல் கற்போருக்கு ஒரு நல்ல பாடம். உருகிய இரும்பு கண்ணைப் பறிக்கும்படி எரிந்தாலும், அக்கால ஃபிலிம் சிவப்பு ஒளியைச் சரிவர உணராததால் படங்கள் இருண்டே வந்தன. வெண்ணிற ஒளி தரும் மெக்னீசியத் தீவட்டிகளைப் பிடிக்கச் செய்து அவர் அதைத் தீர்த்தார். கண் காண்பதும் கருவி பதிவதும் ஒன்றல்ல என்ற அந்த உண்மை டிஜிட்டல் கேமராவிலும் மாறவில்லை. இன்றைய சென்சாரில் உருகிய உலோகத்தின் சிவப்பு மட்டும் எல்லை மீறி, உள்விவரம் எதுவுமற்ற மஞ்சள் திட்டாக மாறிவிடுகிறது. மொத்த ஒளியளவை மட்டும் பார்க்காமல், சிவப்பு நிறத்தின் ஹிஸ்டோகிராமை (ஒளியளவுகளின் பரவலைக் காட்டும் வரைபடத்தை) தனியே பார்த்து எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொண்டால் உலோகத்தின் ஓட்டமும் அலையும் தெரியும்.

அசைவைப் பற்றி ஒரு சொல். 1/2000 நொடியில் எடுத்தால் ஓடும் கன்வேயர் பெல்ட்டும் நின்றிருக்கும் பெல்ட்டும் ஒன்றுபோலவே இருக்கும். 1/8 அல்லது 1/15 நொடியில் எடுத்து, அருகில் நிற்கும் தொழிலாளரை மட்டும் அசையாமல் இருக்கச் சொன்னால், பெல்ட் ஓடுவதும் அவர் நிற்பதும் ஒருங்கே தெரியும்.

உழைப்பவரைப் படமெடுப்பது

இத்துறையில் அலுத்துப்போகும் அளவுக்குப் பெருகியிருப்பது ஒரு குறிப்பிட்ட படம். புத்தம் புதிய ஹெல்மெட், கறைபடாத கையுறை, மார்பின் குறுக்கே கட்டிய கைகள், பின்னால் மங்கலாக ஓர் இயந்திரம், முகத்தில் ஒரு புன்னகை. இதைப் பார்த்து அந்த மனிதர் மின்பணியாளரா, துளையிடுபவரா, பம்ப் இயக்குபவரா என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு இதில் உள்ள குறை, அது ஏற்பாடு செய்யப்பட்ட படம் என்பதன்று. அதில் வேலை இல்லை என்பதுதான். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் 1920-இல் எடுத்த, நீராவி இயந்திரத்தின் வட்ட விளிம்புக்குள் குனிந்து திருகுக்குறடைத் திருப்பும் தொழிலாளரின் படமும் ஏற்பாடு செய்து எடுக்கப்பட்டதே. ஆனாலும் அந்த உடலின் வளைவும் கையின் இறுக்கமும் ஒரு வேலையைச் சொல்கின்றன.

எனவே படமெடுப்பதற்கு முன்னால், வேலையின் ஒரு முழுச் சுற்றைக் கேமரா இல்லாமல் பார்த்துவிட வேண்டும். சுரங்க வேலைகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப நடக்கும் சுற்றுகளே. எந்தக் கணத்தில் உடல் எப்படித் திரும்புகிறது, முகம் எப்போது வெளிச்சத்துக்கு வருகிறது என்பது ஒரு சுற்றிலேயே தெரிந்துவிடும். நிலத்தடிச் சுரங்கத்தில் மேற்கூரைப் பாறை உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பவரை எடுத்துக்கொள்வோம். அவர் நீண்ட இரும்புக் கம்பியால் கூரையைத் தட்டுகிறார். கெட்டியான பாறை கணீரென்று ஒலிக்கும். தளர்ந்த பாறை பொத்தென்று வெற்றொலி தரும். கம்பி கூரையில் படும் கணத்தை எடுப்பதே பலருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அதற்கு அடுத்த கணத்தைக் கவனியுங்கள். கம்பி கீழிறங்கத் தொடங்கும்போது, அவர் தலையைச் சற்றே சாய்த்து அந்த ஒலியைக் கேட்கிறார். கண்கள் எங்கும் பார்ப்பதில்லை, கால்கள் பின்வாங்கத் தயாராக இருக்கின்றன. அவருடைய திறமை முழுவதும் அந்தச் சாய்ந்த தலையில் இருக்கிறது. இதை அறிந்து எடுத்த படத்தை வேறொரு சுரங்கத் தொழிலாளி பார்த்தால், எடுத்தவர் வேலையைக் கவனித்திருக்கிறார் என்று உடனே உணர்ந்துகொள்வார்.

ஹெல்மெட் ஒரு நடைமுறைச் சிக்கலைக் கொண்டுவருகிறது. உச்சி வெயிலில் அதன் விளிம்பு கண்கள் மேல் கரிய நிழலை விழச்செய்யும். ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்வது கேட்கவே கூடாத கோரிக்கை. தொழிலாளரை இயந்திரத்தின் நிழலோரத்துக்கு நகர்த்தலாம். வெயில் முதுகில் விழும்படி திருப்பி முன்னாலிருந்து மிதமாக ஃபிளாஷ் அடிக்கலாம். வெளிர்நிறத் தரை இருந்தால் அதிலிருந்து எழும் ஒளியே போதுமானதாக இருக்கும். ஹெல்மெட்டில் விளக்கு எரியும்போது, அது லென்ஸை நேராகப் பார்க்காமல் அவர் கைகளை நோக்கியிருக்கும்படி தலையைத் தாழ்த்தச் சொன்னால், அந்த விளக்கே படத்தின் முதன்மை ஒளியாகிவிடும்.

பாதுகாப்புக் கருவிகள் ஒவ்வொன்றும் முறைப்படி அணியப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது படமெடுப்பவரின் பொறுப்பும்கூட. தாடைப் பட்டி அவிழ்ந்திருந்தாலோ, கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தாலோ, நிறுவனம் அப்படத்தை வெளியிடாது. வெளியானால், அந்தத் தொழிலாளருக்கு எதிரான சான்றாக அது மாறவும் கூடும். அவர் அருகில் இருப்பவரிடம் மெல்லச் சொல்லிச் சரிசெய்யச் செய்துவிட்டு, அதன் பிறகு எடுப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

அனுமதியைப் பற்றி நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நிறுவனம் தரும் அனுமதி வாசலைக் கடப்பதற்கானது. மனிதரின் முகத்தைப் பயன்படுத்துவதற்கான அனுமதியை அவரே தர வேண்டும். மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள் என்பதால், அந்தச் சம்மதத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாது. தனியாக, அவருக்குப் புரியும் மொழியில், படம் எங்கே வரப்போகிறது, எத்தனை காலம் பயன்படும் என்பதைச் சொல்லிக் கேட்க வேண்டும்; வேண்டாம் என்றால் அதற்காக அவருக்கு எந்தத் தொல்லையும் வராது என்பதை உறுதிசெய்ய வேண்டும். சம்மதப் படிவம் இதற்குப் பிறகு வரும் தாள்.

நிறுவனத்தின் விருப்பத்துக்கு எதிராகப் படமெடுக்க வேண்டிய நிலை வேறு. ஹைன் 1908 முதல் அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் பணியாற்றியபோது, ஆலைகளுக்குள் நுழைய வெவ்வேறு வேடங்கள் போட வேண்டியிருந்தது. தன் சட்டைப் பொத்தான்களின் உயரத்தை முன்பே அளந்து வைத்துக்கொண்டு, குழந்தைகள் எந்தப் பொத்தான் அளவுக்கு வளர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக் குறிப்பெடுத்தார். 1911 ஜனவரியில் பென்சில்வேனியாவின் பிட்ஸ்டன் பகுதியில், நிலக்கரியிலிருந்து கல்லைப் பொறுக்கி எடுக்கும் சிறுவர்கள், கரித்தூசு படர்ந்த கூடத்தில் வரிசை வரிசையாகக் குனிந்து அமர்ந்திருந்ததை அவர் எடுத்த படங்கள் இன்றும் பார்ப்பவரை உலுக்குகின்றன. இத்தகைய படங்கள் எழுப்பிய பொதுக்கருத்தின் துணையோடு 1916-இல் குழந்தைத் தொழிலுக்கு எதிரான முதல் கூட்டாட்சிச் சட்டம் இயற்றப்பட்டது; 1918-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இடம், நாள், வயது, வேலை என்று படத்தோடு அவர் எழுதி வைத்த விவரங்கள் இல்லாமல் அப்படங்கள் சான்றாக நின்றிருக்க முடியாது.

ஒரே படத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாதபோது தொகுப்பாக எடுக்க வேண்டும். பிரேசில் நாட்டுப் புகைப்படக் கலைஞர் செபஸ்தியாவோ சல்காடோ 1986-இல் அந்நாட்டின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் எடுத்த படங்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இயந்திரமே இல்லாமல் ஏறத்தாழ 50,000 பேர் மண் மூட்டைகளைச் சுமந்து ஏணிகளில் ஏறிக்கொண்டிருந்த பெரும்பள்ளம் அது. மேலிருந்து பார்த்த படத்தில் மனிதர்கள் எறும்புகளாகத் தெரிகிறார்கள். நெருங்கி எடுத்த படத்தில் சேறு பூசிய தோளும், மூட்டையின் பாரமும், ஒருவரையொருவர் பார்க்கும் கண்களும் இருக்கின்றன. முதல் வகைப் படம் மட்டும் இருந்திருந்தால் அது வெறும் காட்சியாகியிருக்கும். நாம் எந்தச் சுரங்கத்துக்குப் போனாலும், இடம் முழுவதையும் காட்டும் படம், மனிதரும் இயந்திரமும் சேர்ந்திருக்கும் படம், கையும் கருவியும் மட்டும் தெரியும் படம் ஆகியவற்றை எடுக்காமல் திரும்பக் கூடாது.

கருவியும் பராமரிப்பும்

கேமராவின் தயாரிப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டு கேமராக்களில் இரண்டு லென்ஸ்களை நிரந்தரமாகப் பொருத்திக்கொண்டு, உள்ளே லென்ஸ் மாற்றுவதையே தவிர்த்துவிடுங்கள். பாறைத்தூசு கண்ணாடியைக் கீறக்கூடியது. துணியால் துடைப்பதற்கு முன் காற்றுப் பந்தால் ஊதிவிட வேண்டும். ஆழமான சுரங்கங்கள் வெப்பமும் ஈரமும் மிக்கவை. ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஆழம் வரை செல்லும் தென்னாப்பிரிக்காவின் எம்போனெங் தங்கச் சுரங்கத்தில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும் என்பதால், உள்ளே பனிக்கட்டித் துகள் கலந்த நீரைச் செலுத்திக் குளிர்விக்கிறார்கள். குளிர்ந்த இடத்திலிருந்து அத்தகைய காற்றுக்குள் போனால் லென்ஸ் உடனே வேர்த்து மங்கிவிடும். கேமராவைக் காற்றுப் புகாத பையில் மூடி எடுத்துச் சென்று, உள்வெப்பத்துக்கு அது பழகிய பிறகே பையைத் திறக்க வேண்டும்.

எடுத்த பிறகு

கணினியில் திருத்தும்போது, ஒளியையும் நிறத்தையும் சரிசெய்வது ஏற்புடையது. இல்லாத பாதுகாப்புக் கண்ணாடியை முகத்தில் வரைந்து சேர்ப்பதும், கசியும் எண்ணெயை அழிப்பதும், தூசைத் துடைத்துச் சுரங்கத்தைத் தூய்மையாகக் காட்டுவதும் ஏற்க முடியாதவை. விற்பனைக் கையேட்டுக்கான இயந்திரப் படத்தில் பின்னணியை நீக்குவது வேறு. வேலை நடக்கும் இடத்தின் நிலைமையை மாற்றிக் காட்டுவது வேறு. பணி தொடங்கும் முன்பே இந்த எல்லையை எழுத்தில் பேசி முடித்துவிடுவது நல்லது. படவிவரத்தில் இயந்திரத்தின் பெயரும் மாதிரி எண்ணும், செய்யப்படும் வேலையும், இடமும் நாளும் இடம்பெற வேண்டும். இயந்திரத்தின் மாதிரி எண்ணைத் துல்லியமாக எழுதும் பலரும் அதன் அருகில் நிற்பவரை ‘ஒரு தொழிலாளி’ என்று எழுதி நகர்ந்துவிடுகிறார்கள். அவர் சம்மதித்தால் அவர் பெயரும், அவருடைய பணியின் பெயரும் முதலில் வர வேண்டும்.

முதன்முதலில் சுரங்கத்துக்கு அனுமதி கிடைப்பது அரிது. லேத் பட்டறை, வெல்டிங் கடை, கனரக வாகனங்கள் பழுதுபார்க்கும் கூடம் போன்ற சிறிய இடங்களில் தொடங்கலாம். கலந்த ஒளி, கிரீஸ், பொறி, குனிந்த முகம் என்று சுரங்கத்தின் சிக்கல்கள் பலவும் அங்கேயே இருக்கின்றன. ஒரே மனிதர் செய்யும் ஒரே வேலையைத் தேர்ந்தெடுத்து, அதன் தொடக்கம் முதல் முடிவு வரை எடுத்து, படங்களை அவர் முன்னால் பரப்பி, எதில் வேலை சரியாகத் தெரிகிறது, எதில் கை தவறான இடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். அவர் ஒதுக்கும் படங்களையும் அதற்கு அவர் சொல்லும் காரணங்களையும் குறித்து வைத்துக்கொண்டு, மறுமுறை அதே வேலையை எடுங்கள்.